ஒட்டிய அழகும் ஒட்டாத மரமும்

தீவகத்து வீடுகளிற் பெட்டகமும் அலுமாரியும் வெறும் தட்டுமுட்டுச் சாமான்கள் அல்ல. கலியாணக் கூறையையும் காணி உறுதியையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவை அவை. 1990ஆம் ஆண்டளவில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது அவற்றுட் பல கைவிடப்பட்டன. மீண்டு வந்தோருக்குக் கிடைத்தவை சிலவே. அச்சிலவற்றைப் புதுக்கும்போது நேரும் தவறு ஒன்றைச் சொல்லாதிருக்க முடியவில்லை.

ஊர்காவற்றுறையில் ஒரு வீட்டிலே பழைய அலுமாரி ஒன்றைக் கண்டேன். பல காலத்துப் பூச்சு அதன்மேற் படிந்திருந்தது. கதவின் ஓரங்களிற் பூவேலைச் சட்டங்களைப் புதிதாக ஒட்டியிருந்தனர். ஒரு மாரி கழிவதற்குள் பாதிச் சட்டங்கள் கழன்று நிலத்திற் கிடந்தன. பசை கூடாது என்றார் வீட்டுக்காரர். விழுந்த சட்டமொன்றைத் திருப்பிப் பார்த்தேன். பசை சட்டத்தை விடவில்லை. அதனோடு நீலப் பூச்சும் தோலாக உரிந்து வந்திருந்தது. மரத்தைக் கைவிட்டது பூச்சேயன்றிப் பசையன்று.

காரணம் எளிது. தச்சர் கையாளும் வெள்ளைப் பசை நீரை இழந்து இறுகுவது; மரத்தின் நுண்துளைகளில் இறங்கினாலன்றி அது நன்றாகப் பிடிக்காது. பூச்சோ அத்துளைகளை அடைத்துவிடுகின்றது. இரு பொருள்களைக் கலந்து பூசும் வலிய பசை பூச்சிலும் பற்றும் என்பது மெய்யே. ஆயினும், பூச்சு மரத்தை எவ்வளவு பற்றியிருக்கின்றதோ அவ்வளவே அந்த ஒட்டின் பலம். வாடைக் காலத்து ஈரத்திற் பலகை அகலவாட்டில் விரிவதும், சோழகத்து வறட்சியிற் சுருங்குவதும் நம் தீவுகளில் ஆண்டுதோறும் நிகழ்வன. அந்த இழுபறியில் முதலில் தோற்பது பூச்சுத்தான்.

செய்யவேண்டியது இதுவே. சட்டத்தை அதன் இடத்தில் வைத்துப் பென்சிலாற் கோடிட வேண்டும். கோட்டுக்குச் சற்று உள்ளாக, மரம் தெரியுமட்டும் பூச்சை நீக்க வேண்டும். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். ஆதலால் நனைத்துத் தேய்த்து, பிள்ளைகளை அப்பால் நிறுத்துவது நன்று. ஈரம் உலர்ந்தபின் மெல்லிதாகப் பசை தடவி, கதவைக் கழற்றிக் கிடத்தி, பாரம் ஏற்றி, ஒரு நாள் முழுதும் விட வேண்டும். ஆணி வேண்டுமாயிற் பித்தளை ஆணியே தகும். கடற்காற்றில் இரும்பு துருவேறும்.

சுரண்டினால் அழகு கெடாதா என்று கேட்போர் உளர். சுரண்டிய இடம் சட்டத்தின் அடியில் மறைகின்றது. அதைக் காண்பார் யார்? காணாத இடத்திற் செய்யும் வேலையே கண்ட இடத்து அழகைத் தாங்குகின்றது.

நெடுந்தீவின் வேலிகளைப் பாருங்கள். சாந்து ஏதுமின்றி முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை அவை. கல்லைக் கல்லே தாங்கி நிற்கின்றது. நமது அலுமாரியிலும் மரத்தை மரமே பற்றட்டும். பசை அதற்குத் துணையாக மட்டும் இருக்கட்டும்.