கிண்ணங்களுக்கு அப்பால்: பேசாலைப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி எதற்கு?

மன்னார் என்றதும் உதைபந்தாட்டம் நினைவுக்கு வரும். தேசிய அணியில் ஆடி, 2022இல் மாலைதீவில் உயிரிழந்த டக்சன் பியூஸ்லஸ் இந்த மாவட்டத்தின் பிள்ளை. பேசாலையிலும் மாலையானால் பந்து உருளத்தான் செய்கிறது. ஆனால் அணிக்குத் தெரிவாகாத பிள்ளைக்குப் பாடசாலை என்ன கொடுக்கிறது?

தரம் 6 முதல் 9 வரை ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ கட்டாய பாடம். தரம் 10இல் அது விருப்பப் பாடமாகிவிடுகிறது. அதைத் தெரிவுசெய்யாத பலருக்கு மைதானத்துடனான உறவு அத்துடன் முடிகிறது. இல்ல மெய்வல்லுநர் போட்டி, பிறகு வலயம், மாகாணம், தேசியம் என ஒவ்வொரு படியிலும் பிள்ளைகள் வடிகட்டப்படுகிறார்கள். மிஞ்சியோர் கைதட்டுகிறார்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் விளையாட்டு நேரமும் கணிதத்துக்குப் போகிறது. பெண்பிள்ளைகள் பருவமடைந்ததும் மைதானத்திலிருந்து ஒதுங்குவதை நாம் கேள்வி கேட்பதே இல்லை.

5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடற்கல்வி எல்லோரினதும் அடிப்படை உரிமை என யுனெஸ்கோ 1978இலேயே சாசனம் எழுதியது. திறமையுள்ளவர்களுக்கு மட்டுமான உரிமை என்று அதில் இல்லை.

பேசாலைக்கு இது இன்னும் ஆழமான விடயம். 1990இல் இடம்பெயர்ந்தோருக்காக அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயம் இங்கே நிவாரண நிலையம் திறந்தது. 2006 ஜூன் 17இல், வெற்றிநாயகி ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது கைக்குண்டு வீசப்பட்டது. இன்றைய பெற்றோர் பலர் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள். ஓடுவதென்றால் உயிருக்காக ஓடுவது, வரிசையில் நிற்பதென்றால் சோதனைச்சாவடியில் நிற்பது என்றே அவர்களுடைய உடல் பழகியது. அவர்களின் பிள்ளைகள் பயமின்றி ஓடவும், விழுந்து எழவும், தோற்றபின் எதிரணியுடன் கைகுலுக்கவும் பழகும் இடம்தான் மைதானம். போருக்குப் பிந்திய சமூகத்தில் உடற்கல்வியின் முதல் வேலை அதுவே. கடலை நம்பி வாழும் ஊரில் முறையான நீச்சலும் முதலுதவியும் அதனுடன் சேரவேண்டும்.

இதற்குப் பெரிய அரங்கு தேவையில்லை. நேரசூசியில் உள்ள பாடவேளையைப் பறிக்காமல் விட்டாலே பாதி வேலை முடியும். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் கேட்கவேண்டியது, எத்தனை கிண்ணம் வந்தது என்பதை அல்ல. இந்த வாரம் எத்தனை பிள்ளைகள் மைதானத்தில் இறங்கினார்கள் என்பதை.