பழைய வீட்டு பாத்ரூமை நாமே புதுப்பிக்கலாமா? எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

போன ஆடி மாசம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. இடுப்பில் ரத்தக்கட்டோடு போச்சு. கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டின் கொல்லைப்புற பாத்ரூமை மாற்றியே ஆகணும் என்று அன்று ராத்திரியே முடிவாயிற்று.

காண்ட்ராக்டர் ஒருவர் 1 லட்சத்து 30 ஆயிரம் கேட்டார். கையில் இருந்தது 60 ஆயிரம். "வீடியோ பார்த்து நீயே செஞ்சிடுண்ணே" என்றான் தம்பி. இறங்கிவிட்டேன். வேலை முடிந்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இதுதான்: கண்ணுக்குத் தெரிகிற பொருளில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடிங்க. தரைக்கு அடியில் போகிற எதிலும் பிடிக்காதீங்க. கடைக்காரரும் வீடியோக்காரரும் நமக்குக் காட்டுவது இதற்கு நேர்மாறாக இருக்கும். பளபள டைல்ஸ், கண்ணாடிக் கதவு, மழை மாதிரி கொட்டும் ஷவர். வாட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வாட்டம்தான் முதல் செலவு

எங்கள் பழைய தரையில் தண்ணீர் ஒரு மூலையில் எப்போதும் தேங்கி நிற்கும். அங்கே பாசி பிடித்ததுதான் அம்மாவைத் தள்ளிவிட்டது. தரை மூணு அடிக்கு அரை அங்குலமாவது நாணி ட்ராப் பக்கம் இறங்கணும். சொல்ல எளிது. நான்கு பக்கமிருந்தும் ஒரே குழிக்கு இறக்குவது கைப்பழக்கம் இருப்பவருக்குத்தான் வரும். நானே முயற்சி பண்ணிப் பார்த்தேன். கலவையைக் கொட்டி, பலகையால் இழுத்து, டியூப் லெவல் வைத்துப் பார்த்தால் தண்ணீர் வாசல் பக்கம் ஓடுகிறது! அரை நாள் உழைப்பும் ஒரு மூட்டை சிமெண்டும் வீண்.

அதன் பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவரை நாள் கூலிக்குக் கூப்பிட்டது நான் எடுத்த நல்ல முடிவு. சதுர அடிக் கணக்கில் பேசினால் எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று நாள் கூலி கொடுத்தேன். "தம்பி, பெரிய டைல்ஸ் வாங்கிடாதீங்க, வாட்டம் வாங்காது" என்றார் மேஸ்திரி. உண்மைதான். ரெண்டுக்கு நாலு அடி டைல்ஸைக் குழிவாக வளைக்க முடியாதே. ஒன்றுக்கு ஒன்று அடியில், சொரசொரப்பான ஆன்டி-ஸ்கிட் டைல்ஸ் போட்டோம். இணைப்புகள் அதிகம் வருவதால் காலுக்கும் பிடிமானம்.

டைல்ஸுக்கு முன்னால் வாட்டர் ப்ரூஃபிங். பூசிக் காய்ந்ததும் ட்ராப் வாயைத் துணியால் அடைத்து, ரெண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் கோடு போட்டு ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்கணும். தரைத்தளம்தானே, கசிந்தால் மண்ணுக்குள் போகட்டும் என்று விடாதீங்க. அந்த ஈரம் அடுத்த அறைச் சுவரில் ஏறும்.

சுண்ணாம்புச் சுவர் வேற ஜாதி

பழைய வீட்டில் செங்கல்லை இணைத்திருப்பது சுண்ணாம்புக் காரை. அதன் பூச்சு மேலேயே டைல்ஸ் ஒட்டினால் ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிசு. பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, சிமெண்ட் பூசித்தான் ஒட்டணும். அதனால் நாங்கள் டைல்ஸை நாலு அடி உயரத்தோடு நிறுத்திவிட்டு, மேலே பழையபடி சுண்ணாம்பே அடித்தோம். ஷவர் கிடையாது, வாளிக் குளியல்தான் என்பதால் அது போதும். காசும் மிச்சம், சுவரின் ஈரமும் வெளியேறும்.

உள்ளே இருந்த இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து, துளை பென்சில் அளவுக்குச் சுருங்கியிருந்தது. "தண்ணி வருதே, இருக்கட்டும்" என்று விட மனசு வரும். விடாதீங்க. டைல்ஸ் ஒட்டிய பிறகு குழாய் கசிந்தால் எல்லாவற்றையும் உடைக்கணும். கீசர் வரும் வழிக்கு சிபிவிசி, மற்றதுக்கு யுபிவிசி போட்டோம்.

நாமே செய்தது என்ன?

பழைய தரையை உடைப்பது, கட்டுமானக் கழிவை மூட்டை கட்டுவது, டைல்ஸ் இணைப்பை அடைப்பது, சுண்ணாம்பு அடிப்பது, குழாய் மாட்டுவது, எல்லாம் நானும் தம்பியும்தான். பீங்கானை உடைக்கும்போது கண்ணாடி, கையுறை, ஷூ கட்டாயம். உடைந்த பீங்கான் பிளேடு மாதிரி வெட்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கொல்லைப்புற பாத்ரூம்களின் கூரையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கும். அதை அறுப்பதோ, துளைபோடுவதோ, சுத்தியலால் உடைப்பதோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். எங்கள் ஷீட் முழுசாக இருந்ததால் அதைத் தொடவே இல்லை. செப்டிக் டேங்க் அடைத்திருந்தாலும் ஆளை உள்ளே இறக்காதீங்க. ஆபத்தான முறையில் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விஷவாயு ஆளை எழுந்திருக்கக்கூட விடாது. உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்க.

மின்சாரத்திலும் கை வைக்கவில்லை. கீசர் லைனுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று மாட்டினார். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் என்பது பேருக்குத்தான்.

அம்மாவுக்காக

வெஸ்டர்ன் கமோடு வாங்கும் முன் சுவரிலிருந்து தரைக் குழாயின் நடுப்பகுதி வரை எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்க. நான் அளக்காமல் வாங்கி, ஆட்டோ வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். கையில் காசே இல்லையென்றால் பழைய இந்தியன் டாய்லெட் மேலேயே போட்டுக்கொள்ளும் கமோடு நாற்காலி கிடைக்கிறது. அழகாக இருக்காது, முழங்கால் தப்பிக்கும்.

கைப்பிடிக் கம்பியை ஆங்கர் போல்ட் போட்டு, சிமெண்ட் பூசிய பகுதியில் மாட்டினோம். காரைச் சுவரில் சாதாரண ஸ்க்ரூ ஆள் கனத்தைத் தாங்காது. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை எப்படித் தள்ளுவது? அம்மா விழுந்த அன்று அந்தத் தவிப்பை நாங்கள் அனுபவித்தோம்.

மொத்தம் 67 ஆயிரம் ஆயிற்று. கூடுதல் 7 ஆயிரத்தைத் தம்பி போட்டான். பாதிக்கு மேல் குழாய்க்கும் தரைக்கும் கூலிக்கும் போனது. கண்ணாடி இன்னும் வாங்கவில்லை.

அம்மாவுக்கு ஒரே குறை: "ஏண்டா, இவ்வளவு செலவு பண்ணியும் டைல்ஸ் பளபளன்னு இல்லையே, எப்பவும் அழுக்கா இருக்கிற மாதிரியே தெரியுது?" ஆசிட் ஊற்றித் தேய்க்கக் கிளம்பினார். இணைப்பில் உள்ள சிமெண்டை அரித்துவிடும் என்று பாட்டிலை ஒளித்து வைத்திருக்கிறேன்.