அஞ்சாவது பாட்டை யார் கேட்டது?

முதல் சிங்கிள் வருவதற்கு முன்னால் ஓர் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பு எந்தத் தேதியில் வரும் என்று சொல்ல ஒரு போஸ்டர் வரும். போஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி இசையமைப்பாளர் எமோஜியில் நெருப்புப் பொம்மை ஒன்றை மட்டும் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அந்தப் பொம்மைக்கே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் சாமியாடி முடித்திருப்பார்கள். அப்புறம் இருபது வினாடி முன்னோட்டம். அப்புறம் ஒரு சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டு. ஆறு மூணுக்கு முதல் தீர்ப்பு விழும்: "வேற லெவல் மச்சான்!" ஆறு நாலுக்கு மறுதீர்ப்பு: "மொக்கை. இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" பாட்டின் நீளம் நாலு நிமிஷம் இருபது வினாடி. இரண்டு நீதிபதிகளில் ஒருவர்கூடக் கடைசிச் சரணத்தைக் கேட்டிருக்க வழியில்லை.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பாட்டு ஒவ்வொன்றாகச் சொட்டுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு படத்தின் பாட்டுகள் எல்லாம் ஒரே நாளில் கைக்கு வந்து, நாலு பேர் உட்கார்ந்து மொத்தமாகக் கேட்டு, எது நிற்கும் எது நிற்காது என்று வாரக்கணக்கில் அடித்துக்கொள்கிற சுகம் இருக்கிறதே, அதைத் தவணை முறையில் பிடுங்கிவிட்டார்கள்.

கேசட் காலம் பொற்காலம் என்று ஆரம்பிக்க மாட்டேன். டேப் சிக்கும், அட்டையில் ஒரு பாட்டு உள்ளே வேறு பாட்டு இருக்கும், பாதிக் கடைகளில் விற்றது போலிதான். ஆனால் ஒரு வசதி இருந்தது: பாட்டைத் தாண்டிப் போவது வேலை. பொத்தானை அழுத்தி, ஓடவிட்டு, நிறுத்தி, தாண்டிப் போனது தெரிந்து திரும்பவும் பின்னால் ஓட்டி... அதற்குச் சும்மா கேட்டுவிட்டே போகலாம். எண்பதுகளில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பல கேசட்டுகளில் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் இன்னொரு படம் இருக்கும். ரஜினி படத்துக்காகக் காசு கொடுத்தவன், பேரே கேள்விப்படாத ஒரு படத்தின் பாட்டையும் தலையெழுத்தே என்று கேட்பான். மூன்றாம் நாள் அந்தப் பின்பக்கப் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டு திரிவான். "டேய், பி சைடுல ரெண்டாவது கேட்டியா?" என்று ஒருவன் கேட்பதும், மற்றவன் கேட்டதில்லை என்று ஒத்துக்கொள்ள மனமில்லாமல் தலையாட்டுவதும்தான் எங்கள் விமர்சனக் கூட்டம்.

1993-ல் 'திருடா திருடா' வந்தபோது எல்லோரும் ஓடியது சந்திரலேகா பாட்டின் பக்கம். அந்தச் சத்தமும் வேகமும் அதுவரை நாங்கள் கேட்காதவை. அதே கேசட்டில் ஷாகுல் ஹமீது பாடிய ராசாத்தி இருந்தது. வாத்தியமே கிடையாது, பாடகர் குரல், பின்னால் கோரஸ், அவ்வளவுதான். முதலில் கேட்டபோது டேப்பில்தான் ஏதோ கோளாறு என்று சொன்னவனும் உண்டு. பிறகு அவனே அந்தக் கோரஸில் எத்தனை அடுக்கு என்று எண்ணிக்கொண்டிருந்தான். இன்றைக்கு அந்தப் படம் வந்தால் ராசாத்திக்கு ஒரு போஸ்டர் ஒட்டுவார்களா? நாயகன் அறிமுகப் பாட்டு முதல் சிங்கிள், ஆட்டப் பாட்டு இரண்டாவது, காதல் மெலடி மூன்றாவது. ராசாத்தி படம் வருகிற வாரத்தில் 'ஜூக்பாக்ஸ்' என்ற மூட்டையில் ஐந்தாவதாகக் கிடக்கும். அந்த வாரம் ஊரே டிக்கெட்டுக்கு அலையும். மூட்டையை யார் அவிழ்ப்பது?

பாட்டைத் தனித்தனியாக விடும் இந்தப் பழக்கத்தை ஊரறியச் செய்தது 2011 நவம்பரில் வந்த கொலவெறிதான் என்பது என் கட்சி. பாட்டு முழுமையாகாமலே கசிந்துவிட்டதால் அவசரமாக யூடியூபில் ஏற்றினார்கள். உலகம் பூராவும் ஓடியது. '3' படத்தின் மற்ற பாட்டுகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயின. போ நீ போவும் நீ பார்த்த விழிகளும் மெதுவாக மேலே வந்தன. எங்கள் குழுவில் இன்றும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது அந்த இரண்டும்தான், கொலவெறி இல்லை. ஆனால் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. 2022-ல் அரபிக் குத்து பிப்ரவரி 14-ல் வந்தது, 'பீஸ்ட்' படம் ஏப்ரலில் வந்தது. 2023-ல் விஜய் பிறந்தநாளான ஜூன் 22-ல் நா ரெடி வந்தது, 'லியோ' அக்டோபரில் வந்தது. மாதக்கணக்கில் ஒரே பாட்டு கல்யாண மண்டபத்திலும் ஆட்டோவிலும் அரைபட்டு, படம் வரும்போது நமக்குச் சலித்தே போயிருக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சமாதானம் சொல்கிறார்கள். அது ஒரே அரிசி வெந்த பானைக்குச் சரி. ஐந்து பாட்டை ஐந்து விதமாகப் போட்ட ஒருத்தரை ஒரு பாட்டில் எடை போடுவது அநியாயம்.

இதில் செயலிகளின் கைங்கரியமும் உண்டு. ஸ்பாட்டிஃபையில் முப்பது வினாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அரை நிமிஷத்துக்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும் என்ற பதற்றம் பாட்டிலேயே கேட்கிறது. முன்னிசை சுருங்கிவிட்டது. இரண்டாவது சரணம் பல பாட்டுகளில் காணோம். இரண்டு சரணத்துக்கும் இரண்டு வேறு இடையிசை போட்ட ஊரில் இப்போது இருக்கிற ஒன்றும் எட்டு வினாடியில் முடிந்துவிடுகிறது.

எங்கள் ஆட்களையும் சொல்ல வேண்டும். ராகம் கண்டுபிடிக்கிறவர் ஒருவர். பாடகர் வாய் திறக்கும் முன்பே "ஹம்சத்வனி" என்று போட்டுவிடுவார். அடுத்தவர் "மோகனம் சார், நல்லாக் கேளுங்க, நிஷாதமே இல்ல" என்பார். பஞ்சமத்துக்கு மேலே என்ன ஸ்வரம் என்ற சண்டையில் பாட்டு முடிந்து, விளம்பரமும் முடிந்து, வேறு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இன்னொருவர் காப்பி பிடிக்கும் துறை. எந்த மெட்டைக் கேட்டாலும் எங்கேயோ ஒரு கொரியப் பாட்டின் இணைப்பை அனுப்புவார். நமக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்காவிட்டால் நமக்குக் காது சரியில்லை. ஒருவர் பைக்கில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் ஒற்றைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு "மிக்ஸிங் சரியில்லை" என்று எழுதுகிறார். அதை டால்பி அட்மாஸில் கலந்துவிட்டு வீட்டுக்குப் போன சவுண்ட் இன்ஜினியர் பாவம். ராஜா கட்சி, ரஹ்மான் கட்சி, அனிருத் கட்சி என்று பிரிந்து நிற்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்கள் தீர்ப்பு இசையமைப்பாளர் பெயர் அறிவித்த அன்றைக்கே எழுதியாகிவிட்டது. இவர்களுக்கு நடுவே விமர்சகர்கள் ஐந்துக்கு இரண்டே முக்கால் என்று மதிப்பெண் போடுகிறார்கள். அந்த முக்கால் எங்கிருந்து வந்தது, எந்தச் சரணத்தில் கால் குறைந்தது என்று கேட்டால் பதில் வராது.

2025-ல் 'தக் லைஃப்' பாட்டுகள் வந்தபோது நடந்ததைப் பாருங்கள். முத்த மழை பாட்டைத் தமிழில் பாடகி தீ பாடியிருந்தார். இசை வெளியீட்டு விழா மேடையில் சின்மயி பாடினார். அந்த வீடியோ பரவியது. அதற்கப்புறம் ஒரு வாரம் யார் பாடியது உசத்தி என்பது ஒன்றுதான் பேச்சு. இரண்டு குரலும் இரண்டு விதமான பாட்டாக அதை மாற்றுகின்றனவே, ஒருவர் அடக்கிப் பாடிய இடத்தில் இன்னொருவர் ஏன் விரிக்கிறார் என்று பேச எவ்வளவோ இருந்தது. எங்கள் குழுவில் வாக்கெடுப்புதான் நடந்தது. அதே ஆல்பத்தில் இருந்த மற்ற பாட்டுகளைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. நானாகப் போய் ஒன்றைப் பற்றி எழுதினேன். கட்டைவிரல் ஒன்று கிடைத்தது.

முன்பு ரஹ்மான் பாட்டுகளை 'ஸ்லோ பாய்சன்' என்போம். முதல் நாள் பிடிக்காது, பத்தாவது நாள் விடாது. கிண்டலாகத்தான் சொன்னோம், ஆனால் அதில் ஒரு ஒப்பந்தம் இருந்தது: பத்து நாள் வரைக்கும் பொறுப்போம் என்பது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-ல் வந்தபோது படம் கிடையாது, நாயகன் கிடையாது, பாட வார்த்தையும் கிடையாது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கை என்று போட்டு ஒரு கேசட். பாஹ் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு திரும்பவும் கேட்டவர்கள் எத்தனையோ பேர். இன்று எந்த விவரத்துக்கும் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. புல்லாங்குழல் யார், கோரஸ் யார், மாஸ்டரிங் எந்த ஊரில் என்று யூடியூபில் வீடியோவுக்குக் கீழே வரிசையாகப் போடுகிறார்கள். 'மேலும்' என்ற இடத்தை ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் குழுவில் அந்தத் தட்டுக்கு ஆள் இல்லை.

பொறுக்க முடியாமல் போன வாரம் நானே எழுதினேன்: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது, ஒரு புது ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை போனைத் தொடாமல் கேட்போம், பஜ்ஜி என் செலவு. பஜ்ஜிக்கு நிறைய வரவேற்பு இருந்தது. ஒருவர் "படம் பார்த்துட்டுக் கேக்கலாமே, அப்பத்தான் புரியும்" என்றார். ஒருவர் "எந்தப் பாட்டு நல்லாருக்குன்னு முன்னாடியே சொல்லிடு, அதுக்கு வந்துடறேன்" என்றார். ராகக்காரர் மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"மொத்தம் எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஆறு பாட்டு. இருபத்தஞ்சு நிமிஷம்."

"அவ்ளோ நேரமா?" என்றார், ஐ.பி.எல். மேட்ச் ஒன்றையும் டாஸிலிருந்து பரிசளிப்பு வரைக்கும் விடாமல் பார்க்கிற மனுஷர்.