குடும்பத்தோட வெனிஸ், தனியா வெர்செல்லி

ரெண்டு மாசமா இங்க எதுவும் எழுதலை. வயல் என்னாச்சுன்னு சிலர் போன் பண்ணிக் கேட்டீங்க. வயலுக்கு ஒண்ணும் ஆகலை, கோடை உழவு போட்டுக் கிடக்கு. நான்தான் ஊர்ல இல்லை. மகள் இத்தாலியில மிலான் நகரத்துல இருக்கா, மாப்பிள்ளைக்கு அங்க வேலை. பேரனுக்கு எட்டு மாசம். "மேட்டூர் திறக்கிறதுக்குள்ள வந்துட்டுப் போயிடுங்கப்பா"ன்னு டிக்கெட் போட்டு அனுப்பிட்டா. ஏப்ரல் கடைசியில கிளம்பி ஜூன் முதல் வாரம் வந்து சேர்ந்தோம்.

டீக்கடையில எல்லாரும் கேட்கிறது, "என்னென்ன பார்த்தீங்க?" அடுத்தது கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நீங்க தனியா வேற சுத்துனீங்களாமே, வீட்ல ஏதும் சண்டையா?" இந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல குடும்பமா போன கதை. வெனிஸ், ஃபுளோரன்ஸ், ரோம், ஆறே நாள்ல மூணு ஊர். வெனிஸ்ல கார் கிடையாது, பைக் கிடையாது, எல்லாம் படகும் கால்நடையும்தான். நானூறுக்கு மேல பாலம் இருக்காம், பெரும்பாலும் படி வச்ச பாலம். குழந்தை வண்டியை உருட்ட முடியாது. மாப்பிள்ளை முன்னால, நான் பின்னால, சாமி பல்லக்கு மாதிரி தூக்கித் தூக்கி இறக்கினோம். வெனிஸ்ல நான் பார்த்தது என்னன்னு கேட்டா, மாப்பிள்ளையோட முதுகு. சேத்துல மரக்கட்டைகளை அறைஞ்சு, அதுமேல இத்தனை பெரிய ஊரைக் கட்டியிருக்கான்னு திரும்பி வர்ற ரயில்லதான் சொன்னாங்க.

ஃபுளோரன்ஸ்ல பெரிய கோயில் கோபுரம், 1436-ல முடிச்ச வேலை. மேல ஏற 463 படி. குழந்தை, எங்க வீட்டம்மா முழங்கால், எல்லாத்தையும் யோசிச்சு கீழயே நின்னு அண்ணாந்து பார்த்துட்டு வந்துட்டோம். பழைய பாலம்னு ஒண்ணு, ரெண்டு பக்கமும் நகைக்கடை. ஒரு காலத்துல அங்க கறிக்கடை இருந்துச்சாம், 1593-ல அந்த நாட்டு ராஜா அவங்களைக் கிளப்பிவிட்டுத் தட்டார்களை உட்கார வச்சாராம். எங்க வீட்டம்மா அங்க மட்டும் முழங்கால் வலியை மறந்து நடந்தாங்க. வாங்கலை, சும்மா பார்த்ததுதான்.

ரோம்ல மாப்பிள்ளை கொலோசியத்தைக் காட்டணும்னு ஆசைப்பட்டு வரிசையில நின்னாரு. பேரன் வெயிலுக்கு அழுதான். நான் அவனைத் தூக்கிக்கிட்டு ஒரு குடிதண்ணிக் குழாய்க்கிட்ட போய் நின்னேன். ரோம் தெருவெல்லாம் இந்த இரும்புக் குழாய், ரெண்டாயிரத்துக்கும் மேல இருக்கு. மூக்கு மாதிரி வளைஞ்சிருக்கும், அதனால 'பெரிய மூக்கு'ன்னு பேரு. மூடவே மாட்டாங்க, ராப்பகலா ஓடிக்கிட்டே இருக்கு. கடைமடையில தண்ணிக்குக் காத்துக் கிடக்கிறவன் நான். அந்தத் தண்ணி சும்மா ஓடறதைப் பார்த்து மனசு கேட்கலை, அரை மணி நேரம் அங்கேயே நின்னேன். பேரனும் அழுகையை நிறுத்திட்டு அதையே பார்த்தான்.

குடும்பத்தோட போனா ஊரைப் பார்க்க முடியாது, குடும்பத்தைத்தான் பார்க்கலாம். இதை நான் குறையா சொல்லலை. ஊர்ல பத்து வருஷம் பழகியிருந்தாலும் மாப்பிள்ளையோட பொறுமை எனக்குத் தெரிஞ்சிருக்காது. எங்க முன்னால நாலு வார்த்தை சேர்த்துப் பேசக் கூச்சப்படுற என் மகள், ஹோட்டல்காரர் கணக்கைக் கூட்டிப் போட்டதுக்கு அவங்க பாஷையிலயே நின்னு சண்டை போட்டா. அதைப் பார்க்கவே அவ்வளவு தூரம் போகலாம். ஆனா "என்ன பார்த்தீங்க"ன்னு கேட்டா இதையா சொல்ல முடியும்?

மிலானுக்குத் திரும்பினதும் மாப்பிள்ளை ஆபீஸ் போயிட்டாரு. நான் ஜன்னல்கிட்ட உட்கார்ந்து டிராம் எண்ணிக்கிட்டிருந்தேன். மூணாம் நாள் மகளே சொன்னா, "அப்பா, நீங்க எங்கயாச்சும் போயிட்டு வாங்க. இங்க இருந்து அம்மாவை வேலை வாங்காதீங்க."

முதல்ல பொலோனா போனேன். அங்க தெருவுல வெயிலும் படாது, மழையும் படாது. வீட்டுக்கு முன்னால நம்ம திண்ணை மேல தாழ்வாரம் இறக்கின மாதிரி, ஊர் முழுக்க தூண் வச்ச நடைபாதை. வீட்டுக்காரன் இடம், நடக்கிறது ஊரான். அந்த ஸ்டேஷன்ல ஒரு கடிகாரம் 10.25-ல நிக்குது. 1980 ஆகஸ்ட் 2-ந் தேதி அங்க குண்டு வெடிச்சு 85 பேர் செத்துப்போனாங்க, அந்த நேரத்துல நிறுத்தி வச்சிருக்காங்க. குடும்பத்தோட வந்திருந்தா ரயிலைப் பிடிக்க ஓடியிருப்போம். தனியா வந்ததால பெட்டியைத் தூக்கிக்கிட்டு அதைத் தாண்டிப் போறவங்களைப் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன்.

அடுத்து வெர்செல்லி. இந்த ஊர்ப் பேரைச் சுற்றுலா போறவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. மிலான்ல இருந்து டூரின் போற ரயில்ல ஒரு மணி நேரம். நெல்லு ஊர். ஐரோப்பாவுல அதிகமா நெல்லு விளையுறது இத்தாலியிலதான், அதுலயும் இந்தப் பக்கம்தான். அரிசிக்கு அங்க 'ரீசோ'ன்னு பேரு, கேட்கும்போது ஏதோ சொந்தக்காரன் பேரு மாதிரி இருந்துச்சு. மே மாசம் வயலெல்லாம் தண்ணி கட்டி நிக்குது. 'கட்டம் போட்ட கடல்'னு அவங்களே சொல்றாங்க. அதுக்குப் பின்னால தூரத்துல பனி மலை. கொக்கு நம்ம கொக்குதான்.

நாத்து விடறதில்லை, நடவும் இல்லை, டிராக்டர்ல விதைச்சுட்டுப் போயிடறாங்க. வருஷத்துக்கு ஒரே போகம், செப்டம்பர் அக்டோபர்ல அறுப்பு. தண்ணிக்காக 1863-ல தொடங்கி மூணே வருஷத்துல போ ஆத்துல இருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல கால்வாய் வெட்டியிருக்காங்க, கவூர் கால்வாய்னு பேரு. அப்படிப்பட்ட இடத்துலயே 2022-ல ஆறு வத்தி வயல் வெடிச்சுப் போச்சாம். கடைமடை எந்த நாட்டுலயும் உண்டு.

ஊரைத் தாண்டி வரப்போரமா நடந்தேன். ஒரு பெரியவர் டிராக்டரை நிறுத்திட்டு மடை பார்த்துக்கிட்டிருந்தாரு. அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. போன்ல நம்ம வயல் போட்டோவைக் காட்டினேன். போன வருஷம் சம்பா நடவு, பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க வரிசையா குனிஞ்சு நிக்கிற படம். அவர் அதைப் பார்த்துட்டு "மம்மா"ன்னு சொல்லி, தன் முதுகை வளைச்சுக் காட்டினாரு. அந்தக் காலத்துல அங்கயும் களை பறிக்க, நடவு நட ஆயிரக்கணக்கான பொம்பளைங்க வெளியூர்ல இருந்து வந்து வேலை பார்த்திருக்காங்க. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடி ஜெயிச்சவங்க அவங்க. இதை அப்புறம் மாப்பிள்ளை சொன்னாரு.

படத்துல கடைசியா நிக்கிற நீலச் சேலையைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டு, என் சம்சாரம்னு சைகையில சொன்னேன். பெரியவர் சிரிச்சுட்டு எனக்குப் பின்னால ரோட்டை எட்டிப் பார்த்தாரு, அவங்க எங்கேன்னு கேட்கிற மாதிரி.

அதுக்கு என்கிட்ட சைகை இல்லை.

தனியா போறது தப்புன்னு இங்க நினைக்கிறாங்க பாருங்க, அதுல எனக்கு உடன்பாடு இல்லை. குடும்பத்தோட ஒரு தடவை, தனியா ஒரு தடவை, ரெண்டும் வேணும். ஆனா தனியா போறதுக்கு முதல் பாத்தியதை யாருக்குன்னு கேட்டா, எனக்கு இல்லை. நான் ஐம்பது வருஷமா தனியாத்தான் போயிட்டு வர்றேன். சந்தைக்கு, உரக்கடைக்கு, கட்சிக் கூட்டத்துக்கு, டீக்கடைக்கு. எங்க வீட்டம்மா கல்யாணத்துக்கு முன்னால அண்ணன்கூட, அப்புறம் என்கூட, இல்லேன்னா பிள்ளைங்க கூட. கும்பகோணம் பஸ்ல ஜன்னலோரம் தனியா உட்கார்ந்து போனது கூட கிடையாது. பொம்பளை தனியா போனா பாதுகாப்பா இருக்குமான்னு நம்ம ஆளுங்க கேட்பாங்க. நடுராத்திரி மடை மாத்த அவங்களைத் தனியா அனுப்பினப்போ நான் அதைக் கேட்கலை.

அன்னைக்கு ராத்திரி இதை அவங்ககிட்டயே சொன்னேன். "இப்பவாச்சும் தோணுச்சே"ன்னாங்க, அவ்வளவுதான். மகள் ஒரு காகிதத்துல வீட்டு முகவரி எழுதி, டிராம் நம்பர் எழுதிக் கொடுத்தா. 1928-ல செஞ்ச மஞ்சள் டிராம் இன்னும் அங்க ஓடுது, அதுல ஏறிப் போனாங்க. பன்னெண்டு மணிக்கு வர்றேன்னவங்க ரெண்டேகால் வரைக்கும் வரலை. நான் மூணு தடவை வாசலுக்குப் போயிட்டு வந்தேன், மகள் திட்டினா.

வந்தாங்க. கையில ஒரு சின்னப் பை, அதுல என்னன்னு காட்டலை. எங்க போனேன்னு கேட்டா, "சும்மா உட்கார்ந்திருந்தேன்"னாங்க. எங்க உட்கார்ந்திருந்தேன்னு கேட்டதுக்கு, "வெர்செல்லியில நீங்க எங்க உட்கார்ந்தீங்கன்னு நான் கேட்டேனா?"ன்னு சொல்லிட்டுப் பேரனைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

ஆடி மாசம் திருச்செந்தூர் போகப் போறாங்களாம், தனியா. மாட்டுல பால் கறக்கிறது மூணு நாளைக்கு என் பொறுப்பு. பழகிக்கிட்டிருக்கேன், நேத்து ஒரு உதை வாங்கினேன்.