நோய்க்கு இனமில்லையாம்!

அண்மையில் இலக்கியச் சந்திப்பொன்றில் நண்பரொருவர் அடித்துச் சொன்னார்: "நோய்க்கு இனமுமில்லை, மதமுமில்லை. உளநோயாளியைப் பலவந்தமாக வைத்தியசாலையில் சேர்ப்பதிலும் இனவாதம் தேடுவது எழுத்தாளர்களுக்குப் பிடித்த நோய்." சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நோய்க்கு இனமில்லைதான். நோயாளியைப் பார்க்கும் கண்ணுக்கு உண்டு.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கு 1983ஆம் ஆண்டின் உளநலச் சட்டம், ஒருவரை அவரது விருப்பமின்றியே வைத்தியசாலையில் தடுத்துவைக்க இடமளிக்கிறது. 2023 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் இவ்வாறான தடுத்துவைப்புகள் வெள்ளையரில் இலட்சம் பேருக்கு 64. கறுப்பினத்தவரில் இலட்சம் பேருக்கு 228. மூன்றரை மடங்கு!

"அவர்களிடம் அந்நோய் அதிகம்" என்பார் நண்பர். கரீபிய வழிவந்தோரிடையே கடும் உளப்பிறழ்வு கூடுதலாகப் பதிவாகிறது என்பது உண்மையே. ஆனால், குடும்ப வைத்தியர் வழியாகச் சிகிச்சைக்கு வருவது கறுப்பரிடையே குறைவாகவும், பொலிஸார் கொண்டுவந்து விடுவது அதிகமாகவும் இருப்பதேன்? அதுவும் நோயின் குணமா?

1998இல் நோர்விச் நகரில், டேவிட் பென்னட் என்ற 38 வயதுக் கறுப்பின நோயாளியை வெள்ளை நோயாளியொருவர் இனத்தைச் சொல்லி இழித்தார். கைகலப்பு மூண்டது. வேறு விடுதிக்கு மாற்றப்பட்டவர் பென்னட்தான். அங்கு அவர் தாதியொருவரைத் தாக்கவே, ஊழியர்கள் அவரைத் தரையில் குப்புற அழுத்திப் பிடித்தனர். சுமார் 25 நிமிடங்கள். உயிர் போயிற்று. உளநலச் சேவையில் நிறுவனமயப்பட்ட இனவாதம் இருப்பதை அரசு ஏற்றுக்கொள்ள வேண்டுமென 2004இல் வெளியான விசாரணை அறிக்கை கேட்டது. அந்த விசாரணையை நடத்தியவர்கள் எழுத்தாளர்களல்லர், நண்பரே.

உளமருத்துவத்துள் ஊறிய இனவாதத்தைப் பற்றி 1980களிலேயே நூலெழுதியவர், இலங்கையில் பிறந்து இங்கிலாந்தில் உளவைத்தியராகப் பணியாற்றிய சுமன் பெர்னாண்டோ. நம் சபைகளில் அவர் பெயரை நான் கேட்டதேயில்லை.

எனக்கு இது ஏட்டுச் செய்தி மட்டுமல்ல. சில வருடங்களுக்கு முன், மகன் மௌத்தானபின் உறக்கமிழந்து உண்ண மறுத்த என் சாச்சியை, நம் நாட்டு வைத்தியசாலையொன்றில் சேர்த்தோம். சாச்சிக்குச் சிங்களம் தெரியாது. விடுதியில் தமிழ் தெரிந்தவர் எவருமிருக்கவில்லை. மறுநாள் வைத்தியர் என்னிடம் கேட்டார், இரவெல்லாம் தனியே முணுமுணுக்கிறாரே, யாருடன் பேசுகிறார் என்று. சாச்சி திக்ர் செய்துகொண்டிருந்தார். தஸ்பீஹ் கையிலேயே இருந்தது. எடுத்துச் சொல்ல நானிருந்தேன். வைத்தியரும் நல்லவர், கேட்டுக்கொண்டார். சொல்ல ஆளில்லாதவர்களின் கோவைகளில் அந்த முணுமுணுப்பு என்னவென்று எழுதப்பட்டிருக்கும்?

ஒருவரைத் தடுத்துவைக்கும் பத்திரத்தில் ஒப்பமிடுமுன், அவருடைய மொழியில் அவரை விசாரியுங்கள். நான் கேட்பது இவ்வளவே. இதற்குப் பெயர் இனவாதம் தேடுவதென்றால், நான் தேடிக்கொண்டேயிருப்பேன்.

அன்று சிரித்த சபையிலும் சாச்சி இல்லாத வீட்டார் எவருமிலர்.