இரட்சிப்பின் யோக்கியதை



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நமது வாலிகண்டபுரம் பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு கிறிஸ்தவப் பிரசங்கிகள் வந்திறங்கி, நின்றவர் போனவர் எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். நமக்கும் ஒன்று கிடைத்தது. அதில் கண்ட சங்கதியெல்லாம் ஒரே வரியில் சொன்னால் "இரட்சிப்பு இலவசம்" என்பதாகும். வெங்காய விதையும் பருத்தி விதையும் கடனுக்குக்கூடக் கிடைக்காத காலத்தில் ஒரு சரக்கு இலவசமாக வருகிறதென்றால் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டியது அவசியமல்லவா?

பக்கத்தில் நின்றிருந்த சேரித் தோழர் ஒருவர், அறுபது வயதுக்கு மேலிருக்கும், "அய்யா, இதுல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். முழுவதும் வாசித்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தப் பெரியவர் பிரசங்கியைப் பார்த்து, "அய்யா, நான் இதுல சேந்துட்டா, செத்ததுக்கப்புறம் என்னை எங்க பொதைப்பாங்க?" என்று கேட்டார். பிரசங்கி சிரித்துக்கொண்டே, "ஆத்துமா பரலோகம் போகப் போகிறது, உடம்பைப்பற்றி என்ன கவலை பெரியவரே?" என்றார். அதற்குள் அவர்களுடைய பஸ் வந்துவிட்டது.

அந்தக் கேள்விக்குப் பிரசங்கி சொல்லாமல் விட்ட பதிலைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பிரசுரம் சொல்லுவதை ஒன்றும் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லிவிடுவோம். எதிரியின் பேச்சைத் திரித்துச் சொல்லி ஜெயிப்பது புராணக்காரர் வேலையே ஒழிய நம் வேலையல்ல. கடவுள் ஆதாம், ஏவாள் என்று ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் உண்டாக்கி ஒரு தோட்டத்தில் வைத்தாராம். ஒரு மரத்தின் கனியை மாத்திரம் தின்னக் கூடாதென்றாராம். பாம்பின் பேச்சைக் கேட்டு அவர்கள் தின்றுவிட்டார்களாம். அந்தக் குற்றம் அவர்களோடு தீராமல் அவர்கள் வயிற்றில் பிறந்த மனிதகுலம் முழுவதையும் பிடித்துக்கொண்டதால் நாம் எல்லோரும் பிறக்கும்போதே பாவிகளாம். தண்டனை சாவும், அதற்கப்பால் நரகமுமாம். மனிதன் தன் முயற்சியால் இதைத் தீர்த்துக்கொள்ள முடியாதென்று கண்டு, கடவுள் தமது குமாரனையே மனிதனாகப் பிறக்கச் செய்தாராம். பாவமே செய்யாத அந்த இயேசு, பிலாத்து என்னும் ரோமாபுரி அதிகாரியின் உத்தரவால் சிலுவையில் அறையுண்டு செத்து மூன்றாம் நாள் எழுந்தாராம். அந்தச் சாவு நமக்குப் பதிலாக அவர் அனுபவித்த தண்டனை என்று நம்பி ஞானஸ்நானம் பெற்றவனுக்கு மோட்சமாம். இவ்வளவுதான் சங்கதி.

இதிலும் உள்சண்டை உண்டு. 1517-ம் வருஷம் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்துக் கிளம்பியது முதல், மோட்சத்துக்கு நம்பிக்கை மாத்திரம் போதுமா, நற்காரியமும் சபைச் சடங்கும் சேர வேண்டுமா என்று கத்தோலிக்கரும் பிராட்டஸ்டண்டுகளும் அடித்துக்கொண்டார்கள். ரத்தமும் சிந்தினார்கள். கடைசியாக 1999-ல் லூதரன் சபைக்காரரும் ரோமாபுரிக்காரரும் உட்கார்ந்து பெரும்பாலும் ஒத்துக்கொண்டதாக ஒரு கையெழுத்துப் போட்டார்கள். 482 வருஷம்! நமது ஜில்லா முன்சீப்பு கோர்ட்டுகூட வாய்தாவில் இவ்வளவு தூரம் போனதில்லை.

இந்த இரட்சிப்பை நம்மூர்ப் பாஷையில் சொல்லிப் பார்ப்போம். பாட்டனுக்குப் பாட்டன் காலத்துக் கடன் ஒன்று நம் தலையில் இருக்கிறது. பத்திரத்தில் நமது கையெழுத்தும் இல்லை, கைநாட்டும் இல்லை. கடன் கொடுத்தவரும், வட்டி வைத்தவரும், தீர்ப்புச் சொல்லும் ஜட்ஜும், ஜப்திக்கு வரும் அமீனாவும் ஒருவரேதான். கடைசியில் மனமிரங்கி, தன் மகனையே பலிகொடுத்துத் தன் கடனைத் தனக்கே கட்டிக்கொண்டு, "பார்த்தாயா என் கருணையை?" என்று கேட்பவரும் அவரேதான். மன்னிக்க மனமிருந்தால் பத்திரத்தைக் கிழித்துப் போட ஒரு நிமிஷம் போதாதா? நிரபராதி ஒருவன் ரத்தம் எதற்கு? வேப்பந்தட்டையில் ஒருவன் செய்த கொலைக்கு எசனையில் இருக்கும் ஒருவனைத் தூக்கில் போட்டால், தூக்குக்குப் போனவன் சம்மதித்துத்தான் போனான் என்றாலும் அதை நியாயம் என்று நம்மில் யாராவது சொல்லுவோமா?

அந்த மூலக் கடனாவது உண்மையா என்றால் அதுவும் இல்லை. மொரோக்கோ தேசத்துக் குகையில் கிடைத்த மனித எலும்புகள் சுமார் 3 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2017-ல் வெளியாயிற்று. மனித இனம் எந்தக் காலத்திலும் ஒரே ஒரு ஜோடியாக இருந்து பெருகவில்லை என்பது மரபணுவை ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு. ஆதாம் இல்லாவிட்டால் கனி இல்லை. கனி இல்லாவிட்டால் கடன் எங்கே?

மோட்சத்தின் கதவும் ஒரே இடத்தில் நிற்கக் காணோம். 1442-ல் புளோரன்ஸ் சங்கத்தில் போப்பு வெளியிட்ட கட்டளைப்படி, சாவதற்குமுன் கத்தோலிக்க சபையில் சேராத அஞ்ஞானிக்கும் யூதனுக்கும் அணையாத நெருப்புத்தான் கதி. 1964-ல் அதே ரோமாபுரியில் கூடிய சங்கமோ, சுவிசேஷத்தை அறியாமல் நல்லபடி வாழ்ந்தவனுக்கும் இரட்சிப்பு கிடைக்கலாம் என்றது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பச்சைக்குழந்தைகளுக்கு மோட்சம் கிடையாது, ஓரிடத்தில் ஒதுங்கியிருக்கும் என்று எத்தனையோ தலைமுறைத் தாய்மார்களிடம் சொல்லி அவர்களை அழவைத்தார்கள். 2007-ல் அவர்களுடைய சாஸ்திரிகள் கமிட்டி கூடி, அக்குழந்தைகளுக்கும் மோட்சம் உண்டென்று நம்ப இடமிருக்கிறது என்று எழுதிற்று. இடையில் அழுது செத்த தாய்மாருக்கு யார் ஜவாபு?

நிற்க. இவையெல்லாம் படித்தவர்கள் உட்கார்ந்து வாதாடிக்கொள்ள வேண்டியவை. பெரியவர் கேட்ட கேள்வி இதைவிடக் கனமானது. ஆதாமின் பாவத்தையே கழுவிவிடுகிற தண்ணீர் ஜாதியைக் கழுவுகிறதா இல்லையா?

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி என்னும் இத்தாலியச் சாமியார் காவி கட்டி, பூணூல் தரித்து, மேல்ஜாதியார் பார்வையில் தீட்டாகாதபடி தனியே வாழ்ந்து மதம் பரப்பினார். கிறிஸ்தவனானவன் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாமா என்று ரோமாபுரிக்குக் கேள்வி போய், சில நிபந்தனையின் பேரில் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-ல் போப்பின் உத்தரவு வந்தது. கீழ்ஜாதியாருடன் பழகுவதற்கென்று பண்டாரசுவாமிகள் என்ற வேறு வகைச் சாமியார்களும் ஏற்பட்டார்கள். கடவுள் ஒருவர், இரட்சகர் ஒருவர், சாமியார் மாத்திரம் ஜாதிக்கொருவர்!

இதில் மிகவும் கேவலமான சங்கதி சாவுப் படுக்கையைப் பற்றியது. சாகிறவனுக்குச் சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு எண்ணெய் பூசுவது அவர்கள் மதத்தில் மோட்சத்துக்குக் கடைசி உதவி. ஆனால் சேரியில் ஒருவன் சாகக் கிடந்தால் மேல்ஜாதியாருக்கான சாமியார் அவன் குடிசைக்குள் நுழையமாட்டார். நுழைந்தால் தீட்டு. போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704-ல், சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குச் சாமியார்கள் போயே தீரவேண்டும் என்று உத்தரவு போட்டார். நாற்பது வருஷம் இழுபறி. 1744-ல் போப்பு பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் கண்ட பரிகாரம் என்ன தெரியுமா? பறையருக்கென்றே தனிச் சாமியார்களை ஏற்படுத்துவது என்பதுதான். அரியலூர்ச் சீமை ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயில் கட்டியவரும், 1726-ல் தேம்பாவணி பாடியவரும், சதுரகராதி செய்தவருமான வீரமாமுனிவர் இந்த மதுரை மிஷனில் இந்தக் காலத்தில் இருந்தவர்தான். தமிழுக்கு அவர் செய்த உழைப்பை நாம் மறக்கவில்லை. ஆனால் அவர் சேர்ந்திருந்த மிஷன் அடைக்கலத்தையும் ஜாதி பார்த்தே வழங்கிற்று என்பதையும் மறைக்க மாட்டோம்.

பிராட்டஸ்டண்டுகளாவது நேராக இருந்தார்களா என்றால், அவர்களில் சிலர் உண்மையாகவே போராடினார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 1833-ல் கல்கத்தா பிஷப் வில்சன், சபைக்குள் ஜாதி கூடாது, உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். விளைவென்ன? தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர் பலர் கோயிலை விட்டு வெளியேறினார்கள். கிறிஸ்துவை விட்டாலும் விடுவோம், பந்தியில் சமமாக உட்கார மாட்டோம் என்பதுதானே இதன் பொருள்?

திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த கத்தோலிக்கக் கோயில் கால்சட்டை மாதிரி இரண்டு கால் விட்டுக் கட்டப்பட்டது. ஒரு கால் பிள்ளை, முதலிமாருக்கு. மற்றொரு கால் நாடார் முதலான மற்றவருக்கு. இரண்டும் சேருமிடத்தில் பீடம். ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே கடவுளைப் பார்க்க ஏற்பாடு! 1910-ல் பாதிரி கௌசானல் நடுச்சுவரை இடித்தார். உடனே மேல்ஜாதியார் சுவர் எங்கள் பாத்தியதை என்று வழக்குப் போட்டு, சென்னை ஹைக்கோர்ட் வரை போய்த் தோற்றார்கள். அந்தப் பாதிரியைப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த மேல்ஜாதியாரெல்லாம் இரட்சிக்கப்பட்டவர்கள் அல்லவா? ஞானஸ்நானத் தண்ணீரால் அவர்களிடம் கழுவப்பட்டது எது?

அது பழைய கதை என்பார்கள். நமது ஊர் வழியாகப் போகும் ரோட்டிலேயே இரண்டு பக்கமும் போய்ப் பார்க்கட்டும். தெற்கே திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் மேல்ஜாதிப் பிணத்துக்கும் ஆதிதிராவிடர் பிணத்துக்கும் நடுவே ஒரு சுவர் பல தலைமுறை நின்றது. அதை இடிக்க இந்த நூற்றாண்டிலும் கிளர்ச்சி செய்ய வேண்டி வந்தது. வடக்கே உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தில் இறையூர். ஒரே மாதாவைக் கும்பிடும் வன்னியக் கிறிஸ்தவரும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவரும் அங்கே இருக்கிறார்கள். ஆதிதிராவிடர் பிணம் பெரிய தெரு வழியே போகக் கூடாது, அவர்களுக்குக் கல்லறையும் வேறு. சகிக்க முடியாமல் எங்களுக்குத் தனிப் பங்காவது கொடுங்கள் என்று அவர்கள் கேட்டதில் கலகம் மூண்டு, 2008 மார்ச்சு 9-ந் தேதி போலீசார் சுட்டதில் இரண்டு உயிர் போயிற்று. செத்தவர்கள் மேல்ஜாதிப் பக்கத்தார். அவர்கள் பிள்ளைகளுக்காகவும் நாம் வருந்துகிறோம்.

பெரியவரே! உம்மை எங்கே புதைப்பார்கள் என்று கேட்டீரே, பல இடங்களில் பதில் இதுதான். சுவருக்கு அந்தப் பக்கம்.

இதை நாம் மாத்திரம் சொல்லவில்லை. 2003-ல் போப்பு இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டுப் பிஷப்புகளிடமே ஜாதி பாராட்டுவதைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்கப் பிஷப்புகள், தங்கள் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டார்கள். ஒப்புக்கொண்டது யோக்கியமான காரியம். நொபிலி வந்து 410 வருஷம் கழித்து என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நமது சைவ வைணவச் சிகாமணிகள் மீசையை முறுக்க வேண்டாம். அந்தச் சுவருக்குச் செங்கல் அறுத்த சூளை எருசலேமில் இல்லை. நம்மூர் அக்கிரகாரத்திலும் மனுதர்மத்திலும் இருந்தது. வாலி பூசித்த ஸ்தலம் என்று புராணம் பேசும் நமது ஊரிலேயே நிற்கிறோமே, அந்த வாலிக்குக் கிடைத்த இரட்சிப்பு என்ன? மரத்தின் பின்னால் ஒளிந்து அம்பு விட்டுக் கொன்றுவிட்டு, மோட்சம் கொடுத்தேன் என்பதுதானே? அங்கே மகனைக் கொன்று மோட்சம், இங்கே மறைந்து கொன்று மோட்சம். அன்றியும், 1947-ல் கோயில் நுழைவுச் சட்டம் வந்து திறக்கும்வரை ஆதிதிராவிடனை எட்ட நிறுத்தியவர்கள், அவன் வேறு கோயிலுக்குப் போனால் மாத்திரம் "ஐயோ, மதம் மாறிவிட்டானே" என்று அழ என்ன யோக்கியதை உடையவர்கள்?

சர்க்காரின் கூத்து இன்னொன்று. 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவுப்படி தாழ்த்தப்பட்ட ஜாதிக்கான சலுகை இந்துவுக்கு மாத்திரம். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனான ஆதிதிராவிடனுக்கு இல்லை. இந்தத் தமிழ்நாட்டில் அவன் பிற்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறான். 2024 நவம்பரிலும், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போய்வரும் பெண் உத்தியோகத்துக்காக இந்து ஆதிதிராவிடர் சர்டிபிகேட் கேட்டால் கொடுக்க முடியாதென்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. கிறிஸ்தவத்தில் ஜாதி இல்லையே, பிறகென்ன சலுகை என்பது சர்க்கார் கட்சியின் வாதம். ஆக, சர்க்காரிடம் போனால் "உனக்கு ஜாதி இல்லை." கல்லறைக்குப் போனால் "உனக்கு ஜாதி உண்டு." உயிரோடு இருக்கும்போது ஒரு நஷ்டம், செத்தபின் ஒரு நஷ்டம். இலவச இரட்சிப்புக்கு இந்த ஏழை கொடுத்த விலை இது.

அப்படியானால் மிஷன்காரர்களால் ஒரு நன்மையும் இல்லையா? உண்டு, தாராளமாக உண்டு. ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில் ஏறவிடாத பிள்ளைக்கு அவர்கள் சிலேட்டும் பலப்பமும் கொடுத்தார்கள். வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1918-ல் பெண்களுக்கென்று வைத்தியப் பள்ளி ஆரம்பித்தார். பிரசவத்தில் செத்திருக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் அந்த ஆஸ்பத்திரியால் பிழைத்தார்கள். அதுதான் நாம் கண்ணால் கண்ட இரட்சிப்பு. அதில் ஆதாமின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. குயினாவும் அகர முதலும் கடவுளை நம்பாதவன் கொடுத்தாலும் வேலை செய்யும்.

பிரசங்கிகள் வருகிற மாதமும் நமது ஊருக்கு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். தாராளமாக வரட்டும். நிழலும் குடிக்கத் தண்ணீரும் நாமே ஏற்பாடு செய்கிறோம். அவர்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவும் மாட்டோம். ஆனால் பிரசுரக்கட்டோடு ஒரு காரியம் அதிகமாகச் செய்துவரட்டும். தங்கள் சபைக் கல்லறையின் படத்தை ஒரு காகிதத்தில் போட்டு, எந்த ஜாதிப் பிணம் எந்த மூலையில் கிடக்கிறதென்று குறித்துக் கொண்டுவந்து பெரியவர் கையில் கொடுக்கட்டும். அவருக்கு எழுத்துத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும்.