எண்ணிப் பார்க்கட்டும் பிள்ளைகள்!

கணக்கிடுவதும் எண்ணுதல், சிந்திப்பதும் எண்ணுதல். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தது தமிழ். பள்ளிக்கூடமோ நெடுங்காலம் இரண்டையும் பிரித்தே வைத்திருந்தது. வாய்பாட்டை ஒப்பிக்கச் சொன்னது; யாரை எண்ணினோம், யாரை விட்டுவிட்டோம் என்று கேட்கச் சொல்லவில்லை.

இன்று அந்தக் கேள்வி நாட்டின் முன்னே நிற்கிறது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021-இல் நடக்கவில்லை. கொள்ளை நோயைக் காரணம் காட்டினர். நோய் தணிந்த பின்னும் ஆண்டுகள் ஓடின. 2027 மார்ச் முதல் நாளை அடிப்படை நாளாகக் கொண்டு எண்ணப்படும் என்ற அறிவிக்கை 2025 ஜூனில்தான் வந்தது. இடையில் என்ன நேர்ந்தது? 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மானிய தானியம் பெறுவோர் எத்தனை பேர் என்ற வரம்பு, 2011-ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு கட்டப்பட்டது. மக்கள் பெருகினர், வரம்பு பெருகவில்லை. நாடு முழுமைக்கும் எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கணக்கோ 1931-க்குப் பின் இல்லை. 1980-இல் மண்டல் ஆணையம் அறிக்கை தந்தபோது, அரை நூற்றாண்டுப் பழங்கணக்கைத்தான் தூசி தட்டி எடுக்க வேண்டியிருந்தது!

கணக்கு என்பது காகிதத்துக் கோடு அல்ல. கலத்துச் சோறு, கல்லூரி இடம், கையில் வேலை. இதை நாட்டு மக்கள் உணர வேண்டுமானால் எங்கே தொடங்குவது? தொடக்கப் பள்ளியிலே தொடங்குவோம் என்கிறோம் நாம்.

"ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக் கணக்கெடுப்பா? முதலில் கூட்டலும் கழித்தலும் கற்கட்டும்!" என்பார்கள் சிலர். கூட்டலைக் கற்கத்தான் இந்த வழி! தமிழகப் பாடநூல்களில் தொடக்க வகுப்பிலேயே 'தகவல் செயலாக்கம்' என்ற பகுதி இருக்கிறது. அதைத் தேர்வுக்காகப் படித்து மூடிவிடாமல், பிள்ளைகளை எழுந்து போய்க் கேட்டுவர விட வேண்டும்.

மூன்றாம் வகுப்பு. முப்பது பிள்ளைகள். "பள்ளிக்கு எப்படி வருகிறாய்?" இதுதான் கேள்வி. ஒவ்வொரு விடைக்கும் ஒரு கோடு. ஐந்தாவதை முன் நான்கின் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. நடந்து வருவோர் 15, சைக்கிளில் 5, ஆட்டோவில் 6, பேருந்தில் 2 என்று வைத்துக்கொள்வோம். இனித்தான் உண்மையான பாடம். "சொல், என்ன கண்டாய்?" என்கிறார் ஆசிரியர். "எல்லாரும் நடந்து வருகிறார்கள்" என்கிறான் ஒருவன். எல்லாருமா? இல்லை. "நடப்பது எல்லாருக்கும் பிடிக்கிறது" என்கிறாள் ஒருத்தி. பிடிக்கிறதா என்று நாம் கேட்கவே இல்லையே! "கேட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து வருகிறார்கள்." ஆம், இதுதான் கணக்கு சொல்வது. இதற்கு மேல் ஒரு சொல்லும் அது சொல்லவில்லை.

அப்போது ஒரு சிறுமி கூட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "மொத்தம் 28தானே வருகிறது? மீதி இருவர் எங்கே?" அன்று மழை, இருவரும் வரவில்லை. நெடுந்தொலைவு நடந்து வரும் பிள்ளைகள் அவர்களே! யாருக்காக இந்தக் கேள்வி தேவையோ, அவர்களே கணக்கில் இல்லை. இதைக் கண்டுகொண்ட சிறுமியை நாளை எந்தப் புள்ளிவிவரமும் ஏய்த்துவிட முடியுமா?

பெரியவர்களே ஏமாந்த கதை உண்டு. 1936-இல் அமெரிக்காவிலே 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற ஏடு, 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விடைகளைக் குவித்து, குடியரசுத் தலைவர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம்! தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் பெயர் எடுத்தால், பஞ்ச காலத்து ஏழையின் குரல் எப்படிக் கேட்கும்? விடை எழுதி அனுப்பாதவர் மனம் எப்படித் தெரியும்? எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட எவரைக் கேட்டோம் என்பது பெரிது.

கேட்கும் முறையும் பாடமே. "காலையில் சாப்பிடாதவர் கை தூக்குங்கள்" என்றால், பசித்த பிள்ளை கையை மடியில் ஒளித்துக்கொள்ளும். பெயர் எழுதாத துண்டுச் சீட்டைப் பெட்டியில் போடச் சொன்னால் உண்மை வெளிவரும். சாதியை எண்ணுவது அரசின் கடமை; அதற்காக வகுப்பின் நடுவே ஒரு பிள்ளையை எழுப்பி "நீ என்ன சாதி?" என்பது கொடுமை. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்ற நாகரிகத்தையும் பிள்ளை அங்கேதான் கற்க வேண்டும்.

நாட்டின் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகச் செல்வோரில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்களே. அவர்களுக்கு நாம் சொல்வது இது: வாரத்தில் ஒரு மணி நேரம், அந்தப் பணியைப் பிள்ளைகளின் கையிலே கொடுங்கள். ஆட்சியாளருக்குச் சொல்வது: அந்த ஒரு மணி நேரத்தைப் படிவங்களாலும் பதிவேடுகளாலும் பறித்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணத் தெரிந்த பிள்ளை, நாளை நம்மையும் கேட்கும்: "இந்தக் கணக்கில் விடுபட்டவர் யார்?" கேட்கட்டும்! விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம்.